கட்டளை கடலுக்கப்பால், கண்ணீர் கட்டுநாயக்காவில்!

2025 ஆம் ஆண்டு மே மாதத்தில், கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயத்திலிருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிரித்தானியாவின் பெயர்பெற்ற ஆடை வணிக நிறுவனமாகிய நெக்ஸ்ட்டுக்கு உரிய ஆலை அது. 1,400 க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். அந்நிறுவனம் நட்டத்தில் மூழ்கிவிட்டதா? இல்லை. அவ்வாண்டு ஜனவரியுடன் முடிவடைந்த நிதியாண்டில், வரிக்கு முந்திய தனது இலாபம் நூறு கோடிப் பவுணைத் தாண்டியதென அந்நிறுவனமே உலகறியக் கணக்குக் காட்டியிருந்தது. கட்டுநாயக்கா ஆலையை நடத்தும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். இதைவிடச் செலவு குறைந்த இடங்களிலே தைப்பித்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள் கொள்வது?

நட்டஈடு கொடுபடவில்லையென்றோ, சட்டம் மீறப்பட்டதென்றோ நாம் வழக்குரைக்க வரவில்லை. எமது வழக்கு அதனிலும் பெரிது. சட்டம் மீறப்படாமலே இத்தகைய காரியம் நடந்தேறக்கூடிய ஒரு நிலையை இந்நாட்டு ஆட்சியாளர் உண்டாக்கி வைத்திருக்கின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

கட்டுநாயக்காவில் நடந்ததற்குத் தமிழன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்போர் எம்மிடையே உளர். அவர்களுக்கு முதலிலேயே விடை கூறிவிடுகிறோம். போர் ஓய்ந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கணவனைப் பறிகொடுத்தவர்களும், தந்தையைத் தேடி அலைந்தவர்களும், படிப்பை இடைநடுவில் விட்டவர்களுமாகிய எமது பெண்கள் விடியுமுன்னே பேருந்தேறிச் சென்று அங்கே தைக்கின்றனர். போதாக்குறைக்கு, காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படுமென்று 2025 ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. வலயம் வருகிறது என்று கேட்டதும் வாழ்த்துப்பா பாட எழுந்த எமது பிரதிநிதிகளில் எவராவது, அங்கே வேலை எத்தனை நாளைக்கு நிலைக்கும், அதற்கு உறுதி கூறுபவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டனரா?

முன்னைய காலத்தில் முதலாளி என்பவன் கண்ணுக்குத் தெரிந்தான். ஆலை அவனுடையது, இயந்திரம் அவனுடையது, சம்பளப் பட்டியலில் ஒப்பமிடும் கையும் அவனுடையது. அவன் கொடியவனாக இருந்தாலும் அவனுடைய வாசலில் நின்று கோஷமிடலாம். அவனை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். இன்றைய ஆடை வணிகன் அத்தகையவனல்லன். அவனிடம் ஒரு தையல் இயந்திரமேனும் இருப்பதில்லை. உடுப்பின் கழுத்தில் தைக்கப்படும் பெயர்த்துண்டு மாத்திரமே அவனுடையது. அவன் ஓர் ஆலைக்காரனுக்குக் கட்டளை கொடுக்கிறான். ஆலைக்காரன் அதில் ஒரு பகுதியைச் சிறிய ஆலையொன்றுக்குத் தள்ளிவிடுகிறான். சிறிய ஆலைக்காரன் நாட்கூலிக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் ‘மேன்பவர்’ தரகனை நாடுகிறான். இத்தனை கைகளுக்கும் கீழே ஊசியைப் பிடித்திருக்கும் பெண்ணைப் பார்த்து, ‘உன் முதலாளி யார்?’ என்று கேட்டால் அவள் யாரைச் சுட்டுவாள்? நெக்ஸ்ட் நிறுவனமாவது தன் பெயரில் ஓர் ஆலையை இங்கு வைத்திருந்தது. பெரும்பாலானவை அவ்வளவு தூரமும் வருவதில்லை.

இம்முறையின் உட்கிடையை நாம் ஒரு வாக்கியத்தில் கூறுவோம். முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில். அம்முடிவுக்கு விடை கூறும் பொறுப்பு வேறோரிடத்தில். கூலியைக் குறைத்தல் இதன் ஒரு பயனே. பொறுப்பைக் கழற்றிவிடுதலே இதன் தலையாய பயன்.

2020 மார்ச் மாதத்தில் இது வெட்டவெளிச்சமாயிற்று. கொரோனா நோய் பரவியதும், மேற்குலக வணிகர் பலர் தாம் கொடுத்திருந்த கட்டளைகளை இரத்துச் செய்தனர். தைத்து முடித்துப் பெட்டியிலடைத்த உடைகளுக்குங்கூடப் பணம் தர மறுத்தோர் உளர். அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கமும் தொழில் தருநர் சங்கமும் தொழிற்சங்கங்களும் கூடியிருந்து, வேலையின்றி இருத்தப்பட்டோருக்கு அடிப்படைச் சம்பளத்தில் அரைப்பங்கு அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடுதலோ அது வழங்கப்படுமென முடிவு செய்தன. அந்த மேசையில் மூவர் அமர்ந்திருந்தனர். கட்டளையை இரத்துச் செய்த நாலாமவருக்கு அங்கு ஒரு நாற்காலியும் போடப்படவில்லை. போடவேண்டுமென்று எவருக்கும் தோன்றவுமில்லை. பங்கிடப்பட்டது இங்கிருந்தோரின் வறுமையே.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தொழிலாளியைக் காக்கும் சட்டம் இலங்கையில் இல்லையென்று கூறமுடியாது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் உண்டு. 1957 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தினால் தோன்றிய தொழில் நியாய சபைகள் உண்டு. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் உண்டு. இவை யாவற்றிலும் வலியது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் ஒருவர், ஒழுக்கக்கேடு காரணமாகவன்றி வேறெக்காரணத்தாலும் ஒரு தொழிலாளியை நீக்குவதாயின், அத்தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதத்தையோ, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியையோ முன்னரே பெறவேண்டும் என்பது அதன் சாரம். ஆசியாவிலேயே கடுமையான சட்டம் இதுவென்று வர்த்தகர் சங்கங்கள் ஓலமிட்டு வருகின்றன. உலக வங்கியும் அதற்குச் சுருதி சேர்த்து வருகிறது.

அவ்வளவு கடுமையான சட்டம் 1,400 பேரின் வேலையை ஏன் காக்கவில்லை?

முதலாவது, ஆணையாளரின் அதிகாரம் ஆலைக்காரன்மேல் செல்லுமேயன்றிக் கட்டளை கொடுப்பவன்மேல் செல்லாது. ‘ஆளை நிறுத்தாதே’ என்று ஆணையாளர் எழுதலாம். ‘கட்டளையை நிறுத்தாதே’ என்று அவரால் எழுத முடியுமா? கட்டளை வராத ஆலையிலே ஆளை மாத்திரம் வைத்திருக்கச் சொல்வது, வாய்க்காலில் நீரை மறித்துவிட்டு வயலைக் காயாதே என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ‘சம்மதம்’ என்னும் அந்தச் சொல். சட்டமியற்றியோர் தொழிலாளியின் கையில் கேடயமாகக் கொடுத்த அச்சொல்லை, முதலாளிமாரின் ஆலோசகர்கள் கத்தியாக மாற்றிவிட்டனர். வன்னிப் பெண்ணொருத்தி எம்மிடம் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தாள். ‘எனது சுயவிருப்பின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வேறு கோரிக்கை எதுவுமில்லை’ என்பது அதன் வாசகம். கீழே அவளுடைய ஒப்பம் தமிழில் இருந்தது. மேலேயிருந்த வாசகமோ சிங்களத்தில் இருந்தது. ‘என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டீரா, பிள்ளை?’ என்று வினவினோம். ‘கையெழுத்து வைச்சால்தான் காசு தருவம் எண்டவை, ஐயா’ என்றாள். 1956 முதல் எமது மக்கள் எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ கடதாசிகளில் இவ்வாறு ஒப்பமிட்டு வந்துள்ளனர். அரச கந்தோருக்கு மொழிச்சட்டம் உண்டு. ஆலையின் ஆளணிக் கந்தோருக்கு அது எட்டவில்லை. தனக்கு விளங்காத மொழியில் இட்ட ஒப்பம் சம்மதமாகுமா என்னும் வினாவை நாம் நீதிமன்றத்திலே எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். ஆயினும் வழக்கு முடியும்வரை அவள் எதை உண்பாள்?

எமது கமக்காரர் இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்கு என்ன கொடுத்தது? காணி அவனுடையதன்று, எனினும் அவன் உழுது பயிரிட்ட வயலிலிருந்து அவனை விசாரணையின்றி எழுப்பமுடியாது என்னும் உறுதியைக் கொடுத்தது. அவனுக்குப்பின் அவ்வுரிமை அவனுடைய வழித்தோன்றலுக்கும் செல்லுமென்றது. உழைப்பைக் கொட்டிய இடத்தில் உழைத்தவனுக்கு ஓர் உரித்து உண்டு என்னும் தத்துவத்தை இந்நாட்டுப் பாராளுமன்றம் அன்றே ஏற்றுக்கொண்டது. வயலில் ஏற்ற தத்துவத்தை ஆலையிலே ஏற்பதற்கு என்ன தடை? இருபது ஆண்டுகள் ஒரே பெயர்த்துண்டைத் தைத்த கைக்கு, அப்பெயருக்குரியவன்மேல் எள்ளளவு உரித்தும் இல்லையா?

விலை வேறெங்கோ தீர்மானிக்கப்படுவதால் வரும் அழிவு யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குப் புதிய கதையன்று. 1970 இன் பின், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில், எமது செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. படித்த இளைஞர் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காடு வெட்டி மிளகாய் நட்டனர். 1977 இல் ஆட்சி மாறியது, இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன, தோட்டக்காரன் கடனாளியானான். எவரிடம் முறையிட்டான்? எந்த நீதிமன்றம் அவன் வழக்கை எடுத்தது? அதே ஆட்சிதான் அடுத்த ஆண்டாகிய 1978 இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தது. ஒரு கையால் உள்ளூர் உற்பத்தியாளனைத் தெருவில் விட்டு, மறுகையால் அந்நிய உற்பத்திக்குப் பாய் விரித்தது. இவை இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். கமக்காரனுக்காவது விலை வீழ்ந்த பின்னும் தறை மிஞ்சியது. ஒரு போகம் பொய்த்தால் மறுபோகத்துக்கு ஏங்கியிருக்கலாம். நாற்பது வயதில் கண் மங்கி முதுகு நொந்து வெளியே வரும் தையற்காரிக்கு எந்தத் தறை மிஞ்சும்?

அந்நியச் சந்தையை நம்பி எழுப்பிய இவ்வேலைக்கு அத்திவாரமே இருந்ததில்லை என்பதை அதன் வரலாறு காட்டும். செல்வ நாடுகள் தத்தம் நெசவாலைகளைக் காக்கும்பொருட்டு 1974 இல் பல்நார் உடன்படிக்கை என்று ஒன்றைச் செய்து, ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் என்று பங்கு வகுத்தன. தமது பங்கு நிறைந்துவிட்ட கிழக்காசிய முதலாளிமார், பங்கு மீந்திருந்த இலங்கையை நாடி வந்தனர். எமது பெண்களின் கைத்திறனைக் கண்டு அவர்கள் வரவில்லை. பங்குச் சீட்டைக் கண்டே வந்தனர். 2004 ஆம் ஆண்டு முடிவில் அவ்வுடன்படிக்கை காலாவதியானதும் சிறிய ஆலைகள் பல மூடப்பட்டன. பின்னர் 2005 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை வந்தது. அதுவும் 2010 ஆகஸ்டில் பறிபோயிற்று. ஏன்? குடியியல் அரசியல் உரிமை, சித்திரவதை ஒழிப்பு, சிறுவர் உரிமை ஆகிய மூன்று சர்வதேச உடன்படிக்கைகளையும் இலங்கை முறையாக நடைமுறைப்படுத்தவில்லை என்பதனால். தமிழனின் உயிரையும் உரிமையையும் மதிக்க மறுத்த அரசாங்கத்தின் ஆணவத்துக்கு, தெற்கின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த சிங்களப் பெண்கள் தம் வேலையால் விலை கொடுத்தனர்! சலுகை மீண்டது 2017 மே மாதத்தில். எமது உரிமைப் போராட்டம் தமக்கு எதிரானதென்று அப்பெண்களுக்குக் கற்பித்த அரசியல்வாதிகள், இந்தக் கணக்கை அவர்களுக்குக் கூறினார்களா? பின்பு 2025 ஏப்ரல் 2 ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரி என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். அது 30 வீதமாகி, ஆகஸ்டில் 20 வீதமாயிற்று. வொஷிங்டனில் ஒருவர் எண்ணை மாற்றும்போதெல்லாம் இங்கே மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் நெஞ்சிடித்துக் காத்திருந்தனர்.

‘இவ்வேலையாவது கிடைத்ததே, எங்கோ ஒரு வெள்ளைக்காரன் இழந்த வேலைதானே எமக்கு வந்தது’ என்று நியாயம் பேசுவோருண்டு. அமெரிக்காவில் லீவைஸ் நிறுவனம் சான் அந்தோனியோ நகரிலிருந்த தனது இறுதித் தையலாலைகளை 2004 ஜனவரியில் மூடியது. அங்கே வேலையிழந்தோரிற் பெரும்பாலார் மெக்சிக்க வமிசத்தைச் சேர்ந்த எளிய பெண்கள். அவர்களைவிட மலிவானவர் வேறு நாடுகளிற் கிடைத்தனர். இன்று கட்டுநாயக்காப் பெண்ணைவிட மலிவானவர் வேறெங்கோ கிடைக்கின்றனர். நாளை அவர்களையும் விட மலிவானவர் கிடைப்பர். ஒருத்தியின் வேலையை மற்றொருத்தி பறித்தாள் என்று இவர்களை மோதவிடுவது வணிகனுக்கு வாய்ப்பான கதை. அதை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்புக் கோட்டும் கணக்குப் புத்தகமும் வைத்திருப்போர் இது ஊசி பிடிப்போரின் துயரந்தானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கொழும்பிலே எத்தனை தமிழ்க் கணக்காளர் பிரித்தானியக் கம்பனிகளின் பேரேட்டை இரவிரவாக எழுதுகின்றனர்! யாழ்ப்பாணத்திலும் இளைஞர் அந்நிய நிறுவனங்களுக்காகக் கணினிக்கு முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிற் பலருக்கு நியமனக் கடிதத்துக்குப் பதிலாகச் ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்ற பட்டம் கொடுக்கப்படுகிறது. பட்டம் பெரிது, ஆனால் ஊழியர் சேமலாப நிதியில்லை, பணிக்கொடையில்லை, நீக்கினால் நியாய சபையில்லை. அப்பேரேட்டை மலிவாக எழுத இன்னொரு நாட்டவர் முன்வந்தாலென்ன, இயந்திரமே எழுதத் தொடங்கினாலென்ன, இவருடைய கதியும் அதுவே. தையற்காரியாவது பெருங்கூட்டமாக நின்று குரலெழுப்பக் கூடியவள். இவரோ தன் அறையில் தனித்திருக்கிறார்.

கடல் கடந்தவனைச் சட்டத்தாற் பிணிக்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. எமது தொழிலைச் சேர்ந்தோரே இதைக் கூறக் கேட்டிருக்கிறோம். வாதம் முற்றிலும் பொய்யன்று. 2012 செப்டெம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாலையின் உற்பத்தியில் மிகப் பெரும்பகுதியை வாங்கி வந்தது கிக் என்னும் ஜேர்மன் நிறுவனம். பாதிக்கப்பட்டோர் நால்வர் டோர்ட்முண்ட் நகர நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்கிட்டனர். 2019 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. வாங்குபவன் பொறுப்பாளியா அல்லனா என்று அந்நீதிமன்றம் தீர்த்துச் சொல்லவில்லை; பாகிஸ்தானியச் சட்டப்படி காலவரையறை கடந்துவிட்டது என்று கூறிக் கதவை மூடிற்று.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2013 ஏப்ரல் 24 இல் பங்களாதேசத்தில் ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபின், உலகத் தொழிற்சங்கங்கள் வணிக நிறுவனங்களை ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட வைத்தன. அது நல்லெண்ண அறிக்கையன்று. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கக்கூடிய ஒப்பந்தம். இரு நிறுவனங்கள் ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்கு இழுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2018 இல் 23 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைச் சமாதானம் செய்தது. பிரான்ஸ் 2017 இலும் ஜேர்மனி 2021 இலும், தமது நிறுவனங்கள் கடலுக்கப்பாலுள்ள தம் வழங்குநரிடத்தும் கவனம் செலுத்தவேண்டுமென்று சட்டமியற்றின. ஆகவே முடியாது என்பது பொய். பிணிப்பதற்கு வேண்டிய கயிறு உண்டு. கட்டுவதற்கு மனமுள்ள அரசாங்கந்தான் இல்லை.

எமது சட்டத்திலேயே அக்கயிற்றின் ஒரு நுனி கிடக்கிறது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘தொழில் தருநர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, தொழிலாளியை நேரே அமர்த்துபவரை மாத்திரம் குறிக்கவில்லை. எவர் சார்பில் வேறொருவர் தொழிலாளியை அமர்த்துகிறாரோ அவரையும் சேர்த்தே குறிக்கிறது. அவ்வொரு வாக்கியத்தை விரித்தெழுதினாற் போதும். இந்தியாவில் 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், தரகன் சம்பளம் கொடுக்கத் தவறினால் தலைமை முதலாளியே கொடுக்கவேண்டுமென்று விதித்தது. இலங்கையில் ‘மேன்பவர்’ தொழிலாளருக்கு அத்தகைய தெளிவான விதியொன்றை வகுக்க இத்தனை அரசாங்கங்களில் எதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

வடக்கில் தொழிற்சாலை வேண்டாமென்று நாம் கூறவில்லை. காங்கேசன்துறையில் சீமெந்தும் பரந்தனில் இரசாயனமும் உற்பத்தி செய்த மக்கள் நாம். அவ்வாலைகளில் வேலை செய்தவர்கள் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினர். ஓய்வு பெறும் வயதுவரை வேலை நிற்கும் என்ற நம்பிக்கையிற் கடன்பட்டு வீடு கட்டினர். போர் அவற்றை விழுங்கியது. அதே இடங்களில் இப்பொழுது வரவிருப்பது அத்தகைய வேலையா, அல்லது அடுத்த கட்டளை வரும்வரையுள்ள வேலையா? இதற்கு விடை பெறாமல் ஓர் ஏக்கர் காணியையும் எழுதிக்கொடுக்கலாகாது.

வலயத்திற்கு வரும் எந்த நிறுவனமும், தனது தொழிலாளருக்குச் சேரவேண்டிய பணிக்கொடையும் நட்டஈடும் எவ்வளவோ அவ்வளவுக்கு வங்கிப் பிணையை முன்கூட்டியே வைக்கவேண்டும். வீடு வாடகைக்கு எடுப்பவனிடமே முற்பணம் வாங்குகிறோமே! கட்டளை கொடுக்கும் வணிகனின் பெயர் தொழில் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டு, கட்டளையைத் திடீரென நிறுத்தினால் அறிவித்தற் காலச் சம்பளத்துக்கு அவனும் கூட்டுப் பொறுப்பாளியென ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நியமனக் கடிதமும் விலகற் கடிதமும் தமிழில் இல்லாவிடில் செல்லுபடியாகாதென விதி வேண்டும். இவற்றை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் தனிநபர் சட்டமூலமாகவேனும் கொண்டுவரலாம். தோற்கடிக்கப்பட்டால், தோற்கடித்தோர் யாரென்பதைத் தெற்கின் தொழிலாளரும் அறிந்துகொள்வர்.

சங்கமின்றி இவையொன்றும் வாரா. 1999 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, ஓர் ஆலையில் நூற்றுக்கு நாற்பது பேர் ஒரு சங்கத்தில் அங்கத்தவராயின், முதலாளி அச்சங்கத்தோடு பேசியே ஆகவேண்டும். வலயங்களிலே சங்கத்துக்குப் பதிலாக ‘ஊழியர் சபை’ என்னும் பொம்மையைக் காட்டிப் பழகிவிட்டனர். 2011 மே மாதத்தில் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்காத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். பொலிசார் சுட்டதில் ஓர் இளந் தொழிலாளி உயிர் துறந்தார். அரசாங்கம் அச்சட்டமூலத்தைக் கைவிட்டது. அவர்கள் எம் மொழி பேசுபவர்களல்லர். ஆயினும் இந்தப் பாடத்தை அவர்களிடமிருந்தே நாம் கற்கவேண்டியிருக்கிறது.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆலைத் தொழிலாளர் கொண்டுவரும் கடதாசிகளைக் கட்டணமின்றி வாசித்து விளக்க முன்வரும் சட்டத்தரணிகள், மாதத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை தமக்கு வசதியென்பதைக் குறிப்பிட்டு இப்பத்திரிகைக்கு எழுதுவார்களாக. கையெழுத்திட முன்னர் கடதாசியைக் கொண்டுவருமாறு, கமக்காரர் தத்தம் வீட்டுப் பெண்களுக்கு இன்றே கூறிவைக்கட்டும்.